ஞானசிங் சார் டிரா கேட்ட ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மழைக்கோட்டைக் கழற்றாமல் நேராகக் கிளப்புக்குப் போனேன். சாவியை முந்தின நாளே செயலாளர் எட்சனிடம் வாங்கி வைத்திருந்தேன்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் ஞானசிங் சாரின் பழைய ரப்பர் ஷீட் குடோன் இருக்கிறது. அதன் மாடியில் ஒரு நீள அறை, பத்துப் பன்னிரண்டு செஸ் பலகைகள், ஒரு மர அலமாரி. அவ்வளவுதான். கீழே குடோனைப் பூட்டிப் பல வருடமாகிறது. ஆனாலும் மரப்படி ஏறும்போது ஷீட்டுக்குப் புகை போட்ட வாசனை சுவரிலிருந்து லேசாக வரும்.

நான் லேப் டெக்னீஷியன். இரண்டு வருடமாகத்தான் ஆடுகிறேன், அதிலும் பெரும்பாலும் தோற்பேன். ஆனால் போன வாரம் கிளப் டோர்னமென்டில் நாலு ஆட்டத்தை ஜெயித்தேன். ஐந்தாவதை ஞானசிங் சாரோடு டிரா செய்தேன். முதல் பரிசு எனக்கு.

எல்லாரும் கைகொடுத்தார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அந்த நல்ல மூவ் ஒன்றுகூட என் மண்டையில் தோன்றியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் திணறும் நேரம் பார்த்து, இடது காதோரம் ஒரு சத்தம் வந்து மூவைச் சொன்னது. கொதிக்கிற கஞ்சிக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி.

களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் ஐந்து ஸ்கோர் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு, ஆடின அதே பலகையில் வைத்துப் பார்க்க வந்தேன்.

கரண்டு இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. முதல் நாலு ஆட்டத்தையும் போனில் இருந்த செஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை. நான் ஆடினால் தப்பு இல்லாமல் இருக்குமா?

ஐந்தாவது ஆட்டம். எனக்கு வெள்ளைக் காய். இருபத்தேழாவது மூவில் என் ராணியைக் கொண்டுபோய் சாருடைய யானைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். வைத்த பிறகு பதறிவிட்டேன், சும்மா வெட்டலாமே என்று. ஆனால் சார் வெட்டவில்லை. அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "டிரா" என்றார். தப்பித்தோம் என்று ஒத்துக்கொண்டேன். கைகூடக் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

இப்போது ஆப் வேறு கணக்குச் சொன்னது. வெட்டினால் மூன்றே மூவில் கறுப்புக்கு மேட்.

ராணியை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தேன்.

ஒரு நெடி வந்தது. எறும்பை நசுக்கினால் மூக்கில் ஏறுமே, அந்தப் புளிச்ச நெடி. ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் நெடி.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

"வெட்டட்டு."

காதோரம் இல்லை இப்போது. எனக்கு நேர் எதிரே, ஆள் இல்லாத நாற்காலியிலிருந்து.

எழுந்து ஓடத்தான் நினைத்தேன். அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"ஆரு மேல?"

ஞானசிங் சார். அறுபத்திரண்டு வயது, ஆனாலும் தோட்டத்தில் நடந்து இறுகிய உடம்பு. வீடு அடுத்த சந்தில். திறந்த ஜன்னலைப் பார்த்து வந்திருக்கிறார். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

"நானாக்கும் சார், ரெஜிலா."

"கரண்டு இல்லாம இருந்து என்ன செய்யுத மக்களே?"

"எனக்க கேம் எல்லாம் திரும்பப் பாக்கேன். சார், நீங்க ஏன் டிரா கேட்டிய? இந்த ராணிய வெட்டினா மேட்டுண்ணு உங்களுக்கு மின்னமே தெரியுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்தார்.

"இத ஒனக்கு ஆரு சொல்லித் தந்தா?"

"ஆரும் இல்ல சார். காதுல ஒரு சத்தம் கேட்டுது."

"எப்பிடிச் சத்தம்?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் திரும்பிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"எலிசா அனுப்பினாளா ஒன்னைய?"

"எந்த எலிசா? எனக்கு ஆரையும் தெரியாது சார்."

என் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பலகையில் அடித்தார். ஒரு காய் கன்னத்தில் குத்திக் கிழித்தது. இரண்டாவது அடியில் மூக்கு உடைந்தது. வாயெல்லாம் உப்பு.

"ஆன்ட்ரூஸுக்க பெண்டாட்டி எலிசா! பத்தொம்பது வருசம் கழிச்சு ஆளனுப்புதாளா? எனக்க தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுன பய அவன். நாலு பேருக்க முன்னால இதே மாதிரி ராணியக் கொண்டு வச்சு, வெட்டுங்க மொதலாளிண்ணு சிரிச்சான். அண்ணைக்கு ராத்திரி அந்தச் சிரிச்ச வாயிலதான் ஊத்தினேன். ஆசிட்டு குடிச்சுச் செத்தான்னு ஊரே நம்பிச்சு. போலீசும் அப்பிடித்தான் எழுதினாவ. நீ ஆருடி கேக்கதுக்கு?"

தோளில் கிடந்த ஈரத் துண்டை என் கழுத்தில் சுற்றி இறுக்கினார். கால் உதைத்தேன். பலகை கவிழ்ந்து காய்கள் தரையெங்கும் உருண்டன. மழைச் சத்தம் தூரத்துக்குப் போனது. கண் இருட்டியது.

அப்போது என் வாய் திறந்தது.

நான் திறக்கவில்லை.

"வெட்டுங்க மொதலாளி."

அது என் குரல் இல்லை.

துண்டு நழுவியது. சார் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். அவர் தலை மெதுவாகப் பின்னால் வளைந்தது, யாரோ முடியைப் பிடித்து இழுப்பது மாதிரி. அப்படியே முட்டுக்குத்தி விழுந்தார். தாடை கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. படக்கென்று எலும்பு விட்டது.

களக், களக், களக்.

ஊற்றுகிற கை தெரியவில்லை. விழுகிற ஆசிடும் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

அவர் உதடு வெளுத்துக் கொப்பளித்தது. நாக்கு கறுத்தது. ரத்தமும் நுரையும் மார்பில் வழிந்தன. பலகைத் தரையை நகத்தால் பிறாண்டினார். ஒரு நகம் பெயர்ந்து மர இடுக்கிலேயே நின்றுவிட்டது. கண்கள் என்னைப் பார்த்தன. நான் போய் அவர் தலையைத் தூக்கிச் சரித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், எனக்கு அது தெரியும்.

நான் தூக்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு படியிறங்கினேன். சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்கள்.

தொண்டையிலிருந்து வயிறு வரை ஆசிட் என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது. அறையில் ஒரு சொட்டு இல்லை. குப்பி இல்லை. என் கையிலும் உடுப்பிலும் ஒன்றும் இல்லை. என்னைக் கொல்லப் பார்த்துவிட்டு, பயத்தில் தானே குடித்துச் செத்தார் என்று எழுதி முடித்தார்கள். குப்பி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மூக்குக் கட்டைப் பிரித்ததும் எலிசா இருக்கும் இடத்தை விசாரித்துத் திருவட்டாறுக்குப் போனேன். முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறாள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவள் புருஷன் ஆசிட் குடித்துச் சாகவில்லை என்று சொன்னேன். சார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"அண்ணைக்கு அவிய சிரிச்சாவளா?" என்று புருஷனைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"சிரிச்சாவளாம்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆன்ட்ரூஸுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி போய்விடுவார் என்று நினைத்தேன்.

அது முடிந்து மூன்று வாரம். நேற்றுச் சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து என் கணவர் சுஜின் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மத்தியானம் ஒனக்க போனை எடுத்தது ஆரு?"

"மத்தியானமா? நான் குளிச்சிட்டுல்லா இருந்தேன். வீட்டுல வேற ஆரும் இல்லியே."

"ஒரு ஆம்பளை எடுத்தான் ஏட்டி. தொண்டை வெந்து போன மாதிரி சத்தம். ரெஜிலா குளிக்கா, நான் இருக்கேன்ணு சொன்னான்."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவருடைய அழைப்பு. நான்கு நிமிடம் பேசியிருக்கிறது.

"நாலு நிமிசம் என்ன பேசினான்?"

சுஜின் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு செஸ் ஆடத் தெரியுமாண்ணு கேட்டான்."