முதுகுக்குப் பின்னால் ஒரு கை

வாசல் கண்ணாடியில் உள்ளங்கைகளை வைத்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். பீளமேட்டு ஆய்வகப் பணிமனையில் அதற்குமேல் பாதுகாப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கைகளின் தோலுக்கடியில் வளர்த்த காப்புத்தோல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எத்தனை வோல்ட் வந்தாலும் உடம்புக்குள் நுழையாது.

அதனால் மின்வழங்கிகளைப் பழுதுபார்க்க இப்போதெல்லாம் யாரும் அணைப்பதில்லை. ஓடும்போதே மூடியைக் கழற்றி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, கெட்ட பாகத்தை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மாடியில் வருடக்கணக்கில் நடக்கும் சோதனைகள் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. நிறுத்துகிறவருக்கு அன்றோடு வேலையும் நின்றுவிடும்.

கோகிலவாணி மட்டும் ஒரு மாதமாக ஒற்றைக் கையால் வேலை பார்த்தாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

"ஏங்கண்ணு, யாருக்கும் குடுக்காம முறுக்கு ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார் பக்கத்து மேசை நாச்சிமுத்து.

"இடுப்பு வலிங்ண்ணா."

பச்சைப் பொய். ஒரு நாள் மின்வழங்கிப் பெட்டிக்குள் விழுந்த திருகாணியை எடுக்கப்போனபோது விரலில் சுருக்கென்றது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி உறைத்ததே இல்லை. காப்புத்தோல் செத்துவிட்டது. வாசல் கண்ணாடிக்குத் தோல் இருந்தால் போதும். அது வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெரியாது. வெளியே சொன்னால், அவள் உடம்பில்தான் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது. இந்த வேலை இல்லாத நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு. அதனால்தான் ஒரு கையை ஒளித்துவைத்தாள்.

அன்று உயரழுத்த மின்வழங்கி ஒன்று முரண்டு பிடித்தது. நாச்சிமுத்து எழுந்து வந்தார். "நகரு. இடுப்பு வலியோட எதுக்கு மல்லுக்கட்டற?" என்று இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினார்.

இருவருக்கும் ஒரே நாளில், ஒரே கலவையில் வளர்த்த தோல். ஒரு மாதமாக அவள் நினைக்க மறுத்த விஷயம் அதுதான்.

"கைய எடுங்ண்ணா!" என்று கத்திக்கொண்டே அவள் அந்தப் பெட்டியை அணைக்கும் சிவப்பு நெம்புகோலை இழுத்தாள். விசிறி நின்றது.

"பைத்தியமா புடிச்சிருக்குது? மேல மூணு வருசத்துச் சோதன போச்சே!" அவர் மறுபடி கையை நீட்ட, அவள் தட்டிவிட்டாள்.

"அணைச்சாலும் உள்ள கரண்ட்டு இருக்குதுங்ண்ணா."

தேங்கிய மின்சாரத்தை வடிக்கும், மின்தடை கட்டிய குச்சியை எடுத்து மின்தேக்கியில் வைத்தாள். பெட்டியின் அளவியில் எண்ணூறு வோல்ட் என்று நின்ற எண் மெல்ல இறங்கிப் பூச்சியமானது.

"இருந்தா என்ன? நமக்குத்தான் தோல் இருக்குதே."

"எனக்குச் செத்துப்போச்சுங்க. உங்களுக்கும் போயிருக்கும்."

முதலுதவிப் பெட்டியில் முழங்கால் வலிக்கு ஒட்டும், மெல்லிய மின்துடிப்பு தரும் பட்டை ஒன்று இருந்தது. அதை அவர் உள்ளங்கையில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினாள். காப்புத்தோல் உயிரோடிருந்தால் ஒன்றும் உறைக்காது. அவருடைய சுண்டுவிரல் தானாகத் துள்ளியது.

நாச்சிமுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"ஒரு மாசமாங்க."

"ஒரு மாசமா உன்ற பக்கத்துல நானு ரெண்டு கையையும் உள்ள உட்டுட்டு இருந்தனே, கண்ணு."

அவளுக்குத் தலை நிமிரவில்லை. கூசிப்போனாள். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

மாடிப்படியில் மேலாளரின் குரல் கேட்டது. "யார் நிறுத்தினது?"

கூடம் முழுவதும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் கைகள் ஓடும் பெட்டிகளுக்குள்ளேயே இருந்தன.

"நான்தானுங்க," என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி சுவரோரம் நடந்தாள். கூடத்தின் முதன்மை நெம்புகோலையும் இழுத்தாள். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவளுடைய வேலையும் அதோடு போயிற்று. "யாரும் உள்ள எதையும் தொடாதீங்க. கைய மெதுவா வெளிய எடுங்க. நம்ம தோல நம்பாதீங்க!"

கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பலர் அவற்றைப் புதிதாகப் பார்ப்பவர்கள்போலப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து அவளிடம் வந்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"அந்தக் குச்சிய எப்படிப் புடிக்கோணும்? சொல்லு," என்றார்.

வலது கையை நீட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.