முதுகில் இரண்டு தட்டு

வழிகாட்டும் பெல்ட்டின் பின்பக்கத்தில் மோட்டாரே கிடையாது. முன்னால் ஒன்று, இடுப்பின் இருபுறமும் ஒவ்வொன்று. எந்தப் பக்கம் அதிர்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். முதுகுத்தண்டுக்கு நேராக இருப்பது வெறும் கொக்கி. சன்னிவேல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய மெஹர் நிஷாவுக்கு, அந்தக் கொக்கி இருந்த இடத்தில்தான் லேசாக இரண்டு முறை அதிர்ந்தது.

எரிச்சலாக வந்தது. பார்வை கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது. காது போன வருடம் முழுதாக அடைத்துக்கொண்டது. மிச்சம் இருப்பவை தோலும் மூக்கும். அந்தத் தோலிடமும் பொய் சொல்கிற கருவியைச் செய்து விற்கிறார்களே! பெல்ட் கம்பெனி சபரிக்கு எத்தனை முறை எழுதியாகிவிட்டது. "அப்டேட் பண்ணிட்டோம் மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." எப்போதும் இதே பதில்.

அதுவும் இன்றைக்குத்தானா இப்படி ஆக வேண்டும்? திங்கட்கிழமை சான் ஹோசேயில் அவளுக்கு வேலை ஆரம்பம். பார்வையற்ற குழந்தைகள் தடவிப் படிக்கும் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. அலையாய் அலைந்து வாங்கியது. கணவர் அன்வர் பாட்சா காலையில் அவள் உள்ளங்கையில் ஒவ்வோர் எழுத்தாக எழுதிச் சொல்லியிருந்தார். "ஒரு தடவை தனியா போய்ட்டு தனியா வந்து காட்டு. நடுவுல ஹெல்ப் கேட்டேன்னா வேலை வேணாம்னு சொல்லிடலாம். டெய்லி என்னால டிரைவ் பண்ண முடியாது மெஹர்." சான் ஹோசே வரை தனியாகப் போய்த் திரும்பியாயிற்று; இந்த ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடப்பது மட்டும்தான் பாக்கி.

சாயங்கால வெயில் கன்னத்தில் சுட்டது. சூடான இரும்பின் வாடை, யாரோ கடந்துபோன சென்ட் வாசனை, செருப்புக்கடியில் நெருடும் குமிழ்க்கற்கள். பிளாட்பார விளிம்பு நெடுக அந்தக் கல்லைப் பதித்திருப்பார்கள். பாதத்தில் குமிழ் பட்டால் ஓரத்துக்கு வந்துவிட்டோம், விலகு என்று அர்த்தம். அவள் விலகினாள். வெள்ளைக் கோலை முன்னால் அசைத்தபடி நடந்தாள். பெல்ட் இடது என்றது, வலது என்றது, ஒரே நேரத்தில் இரண்டும் என்றது.

நின்று அதை அணைத்துப் போடும்போது யாரோ அவள் புஜத்தைப் பற்றி இழுத்தார்கள். உதவி செய்கிறார்களாம்! முழங்கையைக் காட்டினால் போதும், அவளே பிடித்துக்கொள்வாள். இந்த நல்லவர்களுக்கு அது மட்டும் தெரிவதே இல்லை. மூட்டையை நகர்த்துவதுபோல் நகர்த்துவார்கள். இழுத்த இழுப்பில் அவள் சுழன்றாள். திசை போயிற்று.

"டோன்ட் டச் மீ! யாரும் என்னைத் தொடாதீங்க!"

தொண்டை அதிர்ந்ததில் தான் கத்தியது தெரிந்தது. கை விலகியது. சென்ட் வாசனையும் விலகியது. பிறகு யாரும் அருகே வரவில்லை.

பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது முதுகில் மறுபடியும். அதே இடத்தில். இரண்டு தட்டு.

பெல்ட் பைக்குள் இருந்தது.

உடனே புரிந்துபோனது, கோபம் தலைக்கேறியது. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் 'நான்தான், வந்திருக்கேன்' என்று பொருள். அது அவள் வீட்டு வழக்கம். அன்வரைத் தவிர யாரும் அப்படித் தட்டுவதில்லை.

"பின்னாடியே வந்தீங்களா? என் மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

முழங்கை ஒன்று அவள் விரல்களில் வந்து உரசியது. இழுக்காமல், முறைப்படி. எப்போதும் அவருடைய வெள்ளி மோதிரத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் கையைப் பிடிப்பாள். இன்றைக்கு இருந்த கோபத்தில் அதைத் தடவவில்லை. வெடுக்கென்று பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வழி நெடுகத் திட்டினாள். "மன்டே நான் போவேன். நீங்க என்ன சொன்னாலும் போவேன்." பதிலுக்கு உள்ளங்கையில் ஓர் எழுத்தும் வரவில்லை. சட்டைத் துணி ஈரமாக இருந்தது. இந்நேரம் ஸ்டேஷனிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவு வந்திருக்க வேண்டும், பிறகு முனை ஓட்டலின் நெய் வாசனை. வரவில்லை. இரும்பு வாடைதான் இருந்தது.

கழுத்தில் தொங்கிய பிரெயில் கருவி துடித்தது. கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எழும்பிய புள்ளிகளைத் தடவினாள். அன்வரின் செய்தி.

"ஏன் மெஹர் ஸ்டேஷன்லயே இருக்க? மேப்ல நகரவே இல்லையே. நான் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். அவசரப்படாம வா. நீ வந்துடுவ, எனக்குத் தெரியும்."

மறுபடி தடவினாள். அதே புள்ளிகள்.

மோதிரம். மோதிரத்தைப் பார்க்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல்களை மெல்லக் கீழே இறக்கினாள். ஈரத் துணி. எலும்பு. மணிக்கட்டு வர வேண்டிய இடத்தில் இன்னொரு முழங்கை.

அதற்கும் கீழே இன்னொன்று.

கையை உதறினாள். வரவில்லை. அவள் கைதான் பிடிக்கப்பட்டிருந்தது. கோல் நழுவி விழுந்தது.

செருப்புக்கடியில் குமிழ்கள். முன்பாதத்தில் குமிழ்கள்கூட இல்லை, வெறும் காற்று. தரை நடுங்கத் தொடங்கியது. ரயில்.

"ஹெல்ப்! யாராவது பிடிங்க! இழுங்க என்னை!"

தொண்டை அதிர்கிறதா? தெரியவில்லை. தரையின் நடுக்கம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவள்தானே சொன்னாள், தொடாதீர்கள் என்று. ஒரு முரட்டுக் கை போதும். மூட்டையைப்போல் இழுத்தாலும் போதும்.

யாரும் தொடவில்லை.

முதுகில் மட்டும், பொறுமையாக, இரண்டு தட்டு.