ஈஸ்டர் காப்பியில் விஷமா?

காலை ஏழு மணி. இங்குன் போட்ட அலறலில் பக்கத்து மலைக்குடிசையிலிருந்து ரான்வெய் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ்காரி. நார்வே வழக்கப்படி ஈஸ்டர் விடுமுறைக்குத் துப்பறியும் நாவலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்திருந்தவள்.

இங்குனின் அப்பா ஹால்வோர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகைக் கட்டிப்பிடித்து முனகிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காலடியில் காப்பிக் கோப்பை உருண்டு கிடந்தது.

"விஷம்! மாப்பிள்ளை காப்பியில கலந்துட்டான்! நெஞ்சு குத்துது!"

இங்குனின் கணவன் ஐவின் வெலவெலத்துப்போனான். முந்தின நாள் மாமனாரோடு அவன் போட்ட சண்டை மலைக்கே கேட்டிருந்தது.

"நான் அப்படிச் செய்வேனா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு இங்குன்!"

அடக் கடவுளே, அவள் பார்க்கவே இல்லை.

"முதல்ல ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரைக் கூப்பிடு" என்று அவளை விரட்டிவிட்டு ரான்வெய் திரும்பினாள். "சண்டை எதுக்கு ஐவின்?"

"ரெண்டு வாரமா இருமல், காய்ச்சல். பனிச்சறுக்கு வேண்டாம் மாமான்னேன். சோம்பேறிப் பயலேன்னு திட்டிட்டு, வேர்த்தா சரியாயிடும்னு மலையேறிட்டு வந்தாரு."

எங்கள் நார்வேக்காரர்கள் உயிரை விட்டாலும் விடுவார்கள், ஈஸ்டர் சறுக்கலை விடமாட்டார்கள்.

ரான்வெய் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். மெத்தை கலையவே இல்லை. தலையணை மட்டும் சாப்பாட்டு மேசைமேல், நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது.

"ஹால்வோர், காப்பி எப்ப குடிச்சீங்க?"

"இப்பதான்."

"ராத்திரி எங்க தூங்கினீங்க?"

அவர் கண் மேசைப் பக்கம் போனது.

"சொல்லுங்க! உயிர் போற விஷயம்."

"மேசையில கவுந்து... படுத்தா குத்துச்சு. முன்னால சாஞ்சா தேவலை."

போன் பேசிவிட்டு வந்த இங்குனுக்கும் கேட்கும்படி ரான்வெய் குரலை உயர்த்தினாள்.

"அப்ப காப்பிக்கு முன்னாடியே வலி! இதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்கு. காய்ச்சலுக்கப்புறம் அது வீங்கிப்போச்சுன்னா இப்படித்தான் குத்தும். என் தம்பிக்கும் வந்துச்சு. அதோட சறுக்கப் போனீங்க. இப்ப அந்தப் பையில தண்ணி கோத்து இதயத்தை நெருக்குதுன்னு நினைக்கிறேன். குத்தவாளி நீங்கதான் ஹால்வோர்!"

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே சொன்னார். உடனே ஊசியால் நீரை இழுத்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும்.

சாயங்காலம் பார்க்கப் போனபோது ஐவின் கதவோரமே நின்றான். ஹால்வோர் அவனைக் கூப்பிட்டார்.

"இங்க காப்பி சகிக்கல. நாளைக்கு நீயே போட்டுக் கொண்டா."

இங்குன் அப்போதுதான் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் திரும்பிக்கொண்டான்.