மேசை பதினான்கின் மேல் ஒரு புகார்

"வாயை நல்லா திறங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... அப்படியே வெச்சுக்கங்க. மூடினீங்கன்னா என் விரல் போயிடும்!"

திறந்தான். திறந்த வாய்க்குள் இரண்டு பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று, அவளுடைய விரல்கள் இரண்டு... இனி அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அன்றைக்கே எல்லாவற்றையும் உளறிக் கொட்டியிருப்பான்.

இரண்டு நாளாக வலது கடைவாய்ப் பல் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மதியம் ஆபீசை விட்டு வெளியே வந்தால் கொட்டுகிற மழை... எதிர்ச்சாரியில் பல் மருத்துவமனைப் பலகை. தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறிவிட்டான். நர்ஸ் அக்கா ஒரு படிவத்தை நீட்டினாள். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில், 'எதிர்க் கட்டிடம், மூன்றாம் மாடி, மேசை 14' என்று எழுதினான். மேசை எண்ணை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினான். அப்படிப்பட்ட பிறவி அவன்.

நாற்காலியில் சாய்ந்து நிமிர்ந்து பார்த்தால்... முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். பெரிய, கறுத்த, ஈரமான கண்கள். தலைக்கு மேல் எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் அவை கோபத்தோடு மின்னின. அய்யோ... கோபத்திலேயே இவ்வளவு அழகென்றால், சிரித்தால் என்ன ஆகும்? பல்வலி கூட ஒரு நிமிஷம் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

கோபம் அவன் மேல் இல்லை. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

"அக்கா, என் புகாருக்குக் காலையில பதில் வந்துச்சு. என்ன பதில் தெரியுமா? 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி'! நாப்பத்தி மூணாவது தடவை!"

"யாரு டாக்டர்? அந்த பேஸ்ட் கம்பெனிக்காரனா?"

"இல்லக்கா, என் கேம்! கருமுகில் கோட்டை! அஞ்சு பேர் ஆன்லைன்ல ஒண்ணா சேர்ந்து போய் ஒரு அரக்கனை அடிக்கணும். நாலு பேர் அடிப்பாங்க. நான் ஹீலர். அடிபட்டவங்களுக்கு மருந்து போட்டு எழுப்பி விடுவேன். நான் இல்லன்னா நாலு பேரும் அஞ்சு நிமிஷத்துல காலி. அரக்கன் செத்தா எப்பவாவது ஒரு நிலா விளக்கு பரிசா விழும். அதை யாருக்குக் கொடுப்பாங்க சொல்லுங்க?"

"உங்களுக்குத்தான்..."

"அதான் இல்ல! அதிகமா அடிச்சவனுக்கு! மருந்து போட்டவளுக்கு ஒண்ணும் கிடையாது. எண்ணூத்திப் பதினோரு தடவை அந்த அரக்கனைக் கொன்னாச்சு. ஒரு தடவைகூட எனக்கு வரல. இந்த விதியை எழுதின மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

விர்ர்ர்ர் என்று கருவி சுற்றியது.

விதியை எழுதின மகராசன் அவள் கையில் கிடைத்துத்தான் இருந்தான்... வாயைத் திறந்தபடி.

ஆமாம். எதிர்க் கட்டிடத்தில் இருந்த ஒன்பது கம்பெனிகளில் ஒன்று அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனி. எந்த வீரனுக்கு எவ்வளவு பலம், எந்தப் பரிசு யாருக்கு என்று தீர்மானிக்கிற வேலை, மேசை பதினான்கின் வேலை. நாற்பத்து மூன்று புகார் என்று அவள் சொன்னதுமே அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்து மூன்று எழுதியவர் உலகத்திலேயே ஒருவர்தான். விளையாட்டில் வெள்ளாடை என்ற பெயரில் இருப்பவர்!

வெள்ளாடையின் புகார் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். திட்டுவதில்கூட ஓர் ஒழுங்கு இருக்கும். கணக்கு இருக்கும். 'ஐயா, தாங்கள் நோயாளியாகப் படுத்தால், ஊசி போட்டவரை விட்டுவிட்டு, கட்டிலை உதைத்தவருக்கா நன்றி சொல்வீர்கள்?' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அன்று முழுக்க அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளிடமிருந்து புகார் வராத வாரம் அவனுக்குச் சப்பென்று இருக்கும். யாரோ வழுக்கைத் தலை வாத்தியார் என்று நினைத்திருந்தான்... இந்தக் கண்களா? இந்தக் கண்களா அது?

"வலிக்குதா? கண்ணுல தண்ணி வருதே..."

"ஆ... ஆ..." என்றான். வேறு என்ன சொல்வான்!

வேர் சிகிச்சை. மூன்று தடவை வரவேண்டும் என்றாள். பல் கெட்டதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நர்ஸ் அக்கா பார்த்ததே இல்லையாம்.

இரண்டாவது தடவையும் மழை. சிகிச்சை முடிந்து வாசலில் நின்றான். அவளும் சாப்பாட்டுக்குக் கிளம்பி வந்தாள், முகக்கவசம் இல்லாமல்... கையில் ஒரு குடை. கண்களுக்குக் கீழே இப்படி ஒரு முகத்தை இத்தனை நாள் துணி போட்டு மூடி வைத்திருந்தார்களா? அநியாயம்! இதற்கல்லவா புகார் எழுத வேண்டும்?

"குடை இல்லையா?"

"இருக்கு... ஆபீஸ்ல."

"மழை இங்க பெய்யுது, குடை அங்க இருக்கு. நல்ல ஆளுதான். வாங்க, நானும் அந்தப் பக்கம்தான்."

சின்னக் குடை. அவனுடைய இடது தோள் முழுக்க நனைந்தது. வலது தோள் அவள் தோளில் பட்டும் படாமல்... நனைந்த தோளைப் பற்றி யாருக்கு அக்கறை?

"போன தடவை ரொம்பப் பேசிட்டேன். சாரி. உங்களுக்கு அந்த கேம் எல்லாம் தெரியுமா?"

"கொஞ்சம்... தெரியும்."

"அடிக்கற பக்கமா? மருந்து போடற பக்கமா?"

"வாங்கற பக்கம்," என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

அவள் கலகலவென்று சிரித்தாள். கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தது. அவன் அதில் விழுந்தான்.

"எங்கப்பாவும் அப்படித்தான். ரிட்டயர்டு பஸ் டிரைவர். முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து ஓட்டினவர், கேம்ல மட்டும் வாளைத் தூக்கிட்டு முன்னாடி ஓடிடுவார். செத்துச் செத்து விழுவார். நான் பின்னாடியே மருந்தைத் தூக்கிட்டு ஓடணும். அங்க என் பேரு வெள்ளாடை... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கிளினிக்ல தெரிஞ்சா மானம் போயிடும்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தான். நான்தான் அந்த மகராசன் என்று சொல்லியிருக்கலாம்... குடைக்குள்ளே அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. கலைக்க மனசு வரவில்லை.

"அந்த விளக்கு அவ்வளவு முக்கியமா?" என்று மட்டும் கேட்டான்.

"விளக்கு இல்லீங்க..." அவள் குரல் தணிந்தது. "நாள் பூரா அடுத்தவங்க வலியைப் பார்க்கறேன். அங்கயும் அதையேதான் செய்யறேன். அது ஒரு வேலையே இல்லன்னு எவனோ ஒருத்தன் விதி எழுதி வெச்சிருக்கான் பாருங்க... அதைத்தான் தாங்க முடியல."

ஆபீசுக்கு வந்தும் அந்த வார்த்தை அவனை விடவில்லை. அவள் சொல்வது சரி என்று இருபதாவது புகாரிலேயே அவனுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும், "அடித்தவருக்கே பரிசு, அதுதான் நியாயம்!" என்று மேசையைத் தட்டியவன் அவன். இப்போது விதியை மாற்றினால் மூன்றாம் மாடி மொத்தத்தின் முன்னால், நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ரோஷம் விடவில்லை.

இன்னொரு வழி இருந்தது. சுலபமான வழி. புதுப் பொருட்களைச் சரிபார்ப்பதற்காக விளையாட்டுக்குள்ளேயே அவர்களுக்கென்று ஒரு சோதனை அறை உண்டு. எல்லாப் பரிசும் அங்கே இருக்கும். அதிலிருந்து ஒரு நிலா விளக்கை எடுத்தான். வெள்ளாடை அடுத்த தடவை ஆடும்போது அவள் காலடியில் விழும்படி வைத்துவிட்டான். அவள் முகம் மலர்வதை நினைத்துச் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஒன்றை மட்டும் மறந்துபோனான். போன வருஷம் ஒருவன் சோதனை அறையிலிருந்து தன் மச்சானுக்கு ஒரு குதிரையைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு, அங்கிருந்து எடுக்கிற எந்தப் பொருளிலும் எடுத்தவர் மேசை எண் தானாகப் பதிகிற மாதிரி ஓர் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் வேறு யாருமில்லை. இவனேதான்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணூற்றுப் பன்னிரண்டாவது தடவை அரக்கன் செத்தான். விளக்கு விழுந்தது. அப்பா சோபாவில் இருந்து எழுந்து குதித்தார்.

"பாப்பா! விழுந்துடுச்சு பாப்பா! உன் காலடியில! எடு, எடு!"

பாய்ந்து எடுத்தாள். அழுகையே வந்துவிட்டது. ஆசை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி... 'சோதனைக்கு மட்டும். எடுத்தவர்: மேசை 14.'

மேசை பதினாலு... எங்கே பார்த்தோம் இதை? திங்கட்கிழமைக்கு யார் யார் வருகிறார்கள் என்று நேற்று நர்ஸ் அக்கா கொடுத்த சீட்டில்... எதிர்க் கட்டிடம், மூன்றாம் மாடி...

"என்னம்மா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? விளக்கு எரியுதா?"

"எரியுதுப்பா."

"அப்புறம் என்ன?"

"என்னோடது இல்லப்பா," என்றாள்.

திங்கட்கிழமை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்டாள், வலிக்கவே இல்லை. வேரைச் சுத்தம் செய்து அடைத்தாள், நூல் பிசகவில்லை. இவ்வளவு பொறுமையான வைத்தியமா என்று அவனுக்கே சந்தேகம் தட்டியது. பஞ்சை எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, நிதானமாகக் கேட்டாள்.

"மேசை பதினாலு... நீங்கதானே?"

அவன் தலையை ஆட்டினான்.

"எண்ணூத்திப் பதினோரு தடவை ஏமாந்தேன். அது அத்தனையும் என்னோடது. எண்ணூத்திப் பன்னிரண்டாவது யாரோடது?"

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு..."

"இருந்துச்சு. அரை நிமிஷம்." கண்கள் நிறைந்துவிட்டன. "நான் நியாயம் கேட்டேன். அதைக் கொடுக்கல. சலுகை கேட்கவே இல்ல. அதைக் கொடுத்துட்டீங்க. என்னை மாதிரி ஆயிரம் ஹீலர் இருக்காங்க. அவங்க குடைக்குள்ள எல்லாம் நீங்க வரலைங்கறதுக்காக..."

அவள் திரும்பிக்கொண்டாள்.

"விளக்கை மேசை பதினாலுக்கே திருப்பி அனுப்பிட்டேன். உங்க மேசை நம்பரை யாருக்கும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. பல்லு மேல கேப் போடணும். வேற டாக்டர்கிட்ட போட்டுக்கங்க."

வாசலில் நர்ஸ் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணே தடவையில டாக்டரை அழ வெச்சுட்டீங்களே, தம்பி!" என்றாள்.

அவள் சொல்ல மாட்டாள். சொல்லாமலே இருந்துவிடலாம்... இரண்டு நாள் அப்படித்தான் இருந்தான். சோறு இறங்கவில்லை. பல்வலி எல்லாம் போய் வேறு எங்கோ வலித்தது. மூன்றாம் நாள் விளையாட்டின் புகார்ப் பலகையில், எல்லோரும் படிக்கிற இடத்தில், ஒரு புகார் வந்தது.

'எழுதுபவர்: மேசை 14. யார் மேல்: மேசை 14. அடித்தவருக்கே பரிசு என்ற விதியை எழுதியவன் நான். அது தப்பு என்று ஒரு ஹீலர் இரண்டு வருஷமாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. எனக்கு முன்பே தெரியும். ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, அவர் கேட்காமலே ஒரு விளக்கைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தேன். அவர் உடனே திருப்பிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன்.'

நாலாயிரம் பேர் திட்டினார்கள். விதி மாறியது. இனி ஐந்து பேருக்கும் சம வாய்ப்பு. அவனுடைய மேசை போயிற்று. மூன்று மாதம் புகார்த் தொலைபேசியில் உட்கார வேண்டும், யார் என்ன திட்டினாலும் முழுசாகக் கேட்க வேண்டும் என்று தண்டனை; அதையும் பலகையில் போட்டார்கள்.

அப்பா அந்தப் புகாரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

"ஆளு அடிபட்டுக் கிடக்கறான் பாப்பா. உன் டீம்ல நீதானே மருந்து?"

"சும்மா இருங்கப்பா!" என்றாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

பதினொரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் தொலைபேசியை எடுத்தாள்.

"வணக்கம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் புகாரைச் சொல்லுங்க..."

"உங்க ஆபீஸ்ல ஒருத்தர் மேல புகார்."

எடுத்தவன் அவன்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியாதா?

"சொல்லுங்க..."

"பல்லு மேல கேப் போடாம சுத்திட்டிருக்கார். வேற எந்த டாக்டர்கிட்டயும் போகலன்னு எங்க நர்ஸ் அக்கா விசாரிச்சுச் சொன்னாங்க. அந்தப் பல்லு உடைஞ்சா யார் பொறுப்பு?"

"அவருக்கு... வேற டாக்டர் வேண்டாமாம். அந்த டாக்டர்கிட்ட வர பயமாம்."

"அந்த டாக்டருக்குக் கோபம் போயி ரொம்ப நாளாச்சு. விளக்குதான் இன்னும் வரல. எண்ணூத்தி நாப்பது தடவை ஆச்சு. இப்ப வரலன்னா அது என் ராசி. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லலாமா?"

"பதிவாகுதே..."

"ஆகட்டும். மேனேஜர் கேட்கட்டும், மூணாவது மாடி மொத்தமும் கேட்கட்டும். உங்க புகாரைப் படிக்கறதுக்காகவே ரெண்டு வருஷமா ஆபீஸ் வந்தேன். உங்களைப் பார்த்ததுக்கப்புறம் வேற எதுவுமே ஓடல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்கலன்னாலும் பரவாயில்ல... விதி மாறினது மாறினதுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

இரண்டு பக்கமும் ஒரே மழைதான் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு புகார் கொடுத்தா... தீர்வு எத்தனை நாள்ல வரும்?"

"சாதாரணமா... ஏழு வேலை நாள்."

"அவ்வளவு நாள் என்னால முடியாதுங்க." அவள் குரல் உடைந்து, உடைந்த இடத்தில் ஒரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க."

"பல்லுக்கா?"

"பல்லுக்கும்."