வெல்லக் கொப்பரையில் வெந்த கஞ்சி

திருமணிமுத்தாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்து வடிந்த மறுநாள். நெசவாளர் தெருவில் சுவர்கள் இடிந்து கிடந்தன. சட்டி பானைகள் தண்ணீரோடு போய்விட்டன. எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் மாட்டுவண்டிகளில் அரிசி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படி என்று ஊர் மணியக்காரர் சென்னியப்பன் தாமே அளந்து கொடுத்தார். யாரும் முண்டியடிக்கவில்லை. அவருக்கு ஒரே பெருமை.

பத்து வயதுப் பாவாயியின் அம்மா முத்தாயம்மாள், அரிசியை முந்தானையில் வாங்கிவந்து உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சோறு ஆக்கலையா அம்மா?"

"எதுல சாமி ஆக்கறது? பானையும் இல்ல. வெறகும் ஊறிக் கெடக்குது."

தம்பி குழந்தைவேல் ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்றான். "கல்லாட்டம் இருக்குது!" என்று அழுதான்.

பாவாயி சுற்றிலும் பார்த்தாள். எல்லார் மடியிலும் அரிசி. எங்கேயும் அடுப்புப் புகை இல்லை. நேராக மணியக்காரரிடம் ஓடினாள்.

"ஏனுங்க, யாரும் சோறு ஆக்கலைங்க. பானையே இல்லீங்க."

அவர் திகைத்துப்போனார். "அட, ஆமா! பானைக்கு ஆளனுப்பினா நாளைக்குத்தானே வரும்?"

"வெல்லம் காய்ச்சற ஆலையில பெரிய கொப்பரை இருக்குதுங்களே! வெள்ளம் ஏறாத கொட்டகையில காஞ்ச கரும்புச் சக்கையும் கெடக்குது. எல்லாருக்கும் ஒண்ணாக் கஞ்சி காய்ச்சிரலாங்க."

"எந்த ஆலையில?"

"உங்க ஆலையிலதானுங்க!"

மணியக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ற கொப்பரை எனக்கே ஞாபகம் வரலையே!"

ஆனால் கஞ்சிக்கென்று அரிசியை அவர் திருப்பிக் கேட்டதும் பெண்கள் தயங்கினார்கள்.

"கையில இருக்கறதையும் குடுத்துட்டு, கஞ்சி பத்தலைன்னா?" என்றாள் பக்கத்து வீட்டு ராமாயி.

பாவாயி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முத்தாயம்மாள் எழுந்துபோய்த் தன் அரிசியைக் கூடையில் கொட்டினாள். ராமாயி பெருமூச்சு விட்டுத் தானும் கொட்டினாள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ஆண்கள் பனையோலையை மடித்துக் கஞ்சி குடிக்கப் பட்டை கட்டினார்கள்.

"மொதல்ல சின்னக் கொழந்தைங்களுக்கு ஊத்துங்க. நடக்க முடியாதவங்களுக்கு நாங்க பெரிய புள்ளைங்க கொண்டுபோய்க் குடுக்கறோம்" என்றாள் பாவாயி.

கொப்பரையில் கஞ்சி தளதளவென்று கொதித்தது. குழந்தைவேல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்களை அகல விரித்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கொப்பரையை விட்டு வெல்லம் முழுவதும் போகவில்லை!

"அக்கா, இனிக்குது! நாளைக்கும் இதுலயே காய்ச்சச் சொல்லு."

மணியக்காரர் தம் காலிப் பட்டையைப் பாவாயியிடம் நீட்டினார். "எனக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி."