கடைசிக் கவளம்

குழலுக்குள் வெளிச்சம் தெரியவில்லை.

ஸெவெரின் தோட்டாவைப் பூட்டும் போல்ட்டை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, புதுத் துப்பாக்கியைக் கடை ஜன்னல் பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தான். எந்தக் குழலானாலும் அந்தக் கோடியில் வெள்ளைப் பொட்டாக வானம் தெரிய வேண்டும். இதில் இருட்டு. கூடவே ஒரு வாசனை. துப்பாக்கி எண்ணெயின் வாசனையில்லை, அப்போதுதான் ஒடித்த பைன் மரத்தின் பச்சைப் பிசின் வாசனை.

"ஸென்ஸி, இதுக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு."

"பெட்டியப் பிரிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள எலி குடித்தனம் வந்துருச்சா?" என்றாள் ஸென்ஸி. அறுபது வயது. அந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி விற்பதும் பழுது பார்ப்பதும் அவள் ஒருத்திதான். துடைக்கும் கம்பியை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து குத்தித் தள்ளினாள். முன்பக்கம் வழியாக மேசையில் விழுந்தது விரல் நீளப் பைன் கொப்பு. ஊசிகள் பச்சையாக இருந்தன. ஒடித்த முனையை யாரோ கத்தியால் கூராகச் சீவியிருந்தார்கள்.

"கம்பெனில எவனோ ஒரு குசும்பன்," என்று ஸென்ஸி சிரித்தாள்.

ஸெவெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலைகளில் வேட்டைக்காரனுக்குக் கொப்பு ஒரு பாஷை. விலங்கு அடிபட்ட இடத்தில் ஒன்றை மண்ணில் நட்டுவைப்பார்கள். அது ஓடிய திசையைக் காட்ட இன்னொன்றைத் தரையில் கிடத்துவார்கள். அடிபட்டது ஆண் என்றால் முனையைச் சீவ வேண்டும். செத்தபின் அதன் ரத்தத்தில் ஒரு கொப்பைத் தொட்டு, பற்களுக்கு நடுவே வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். மனுஷனுக்கு வாய்க்கரிசி மாதிரி. கொன்றவன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது முறை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தூக்கிப் பாரு."

தூக்கினான். மேலே பொருத்திய குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்தே மூன்று கிலோவுக்குக் குறைவு. கையில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. போல்ட் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போய்ப் பூட்டிக்கொண்டது. கடைக்குப் பின்னாலிருந்த சுடுதிடலில் நூறு மீட்டரில் மூன்று தோட்டா சுட்டான். ஸென்ஸி அட்டையைக் கழற்றி வந்து ஒரு யூரோ நாணயத்தை அதன்மேல் வைத்தாள். மூன்று ஓட்டைகளும் மறைந்தன.

"சுடுறதுல இது சுத்தம். ஆனா ரெண்டு விஷயம் கேட்டுக்கோ. குழல் ஒல்லி. மூணு குண்டுக்கு மேல சூடாயிருச்சுன்னா அது இஷ்டத்துக்குப் போகும். அப்புறம், எடையில்லாததால கழுதை மாதிரி உதைக்கும். கண்ண ஸ்கோப்புக்கிட்ட கொண்டு போகாத. உன் பழசு நாலரைக் கிலோ. உன் நெஞ்சு எப்படித் துடிச்சாலும் அது பொறுத்துக்கும். இது பொறுக்காது. நீ நடுங்கினா இது ஊருக்கே சொல்லிரும்."

"முட்டி போச்சு ஸென்ஸி. அந்தக் கனத்தத் தூக்கிட்டு இனிமே ஏற முடியாது. பழசு, விலை கேட்டான்னியே, அந்த ஹங்கேரிக்காரனுக்கே போகட்டும். உள்ளூர்ல யாருக்கும் குடுக்காத."

"உன் பொருள், உன் இஷ்டம்," என்று சொல்லி அவள் பழைய துப்பாக்கியைக் கம்பி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

முட்டிவலி பாதி உண்மை. மீதிப் பாதியின் பெயர் க்விரின். ஸெவெரினுடைய மனைவி வால்லியின் தம்பி. ஆடு மேய்ப்பவன். போன நவம்பரில், மேட்டுப் பாறைக்குழியில், மூடுபனிக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. மலையாடு என்று ஸெவெரின் சுட்டான். மலையாடு அடிபட்டால் கத்தாது. இது கத்தியது. அவன் உடனே போய்ப் பார்க்கவில்லை. அடிபட்டதைச் சூட்டோடு சூடாகத் துரத்தினால் ஓடும், ஒரு சிகரெட் நேரம் விட்டால் படுத்து விறைத்துக்கொள்ளும் என்பது வேட்டைப் பழக்கம். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பற்றவைத்தான். காதில் விழுவது மனிதக் குரல் என்று பாதி சிகரெட்டிலேயே தெரிந்துவிட்டது. மீதியையும் குடித்து முடித்தான். மூடுபனி ஒரு கை அகலத்துக்கு விலகியபோது ஸ்கோப்பில் க்விரின் தெரிந்தான். பழுப்புக் கம்பளி மேலங்கி. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா? அய்யோ, யாராவது வாங்களேன்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஸெவெரின் சிகரெட் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபக்கமாக இறங்கிவிட்டான். ராத்திரி ஒரு மீட்டர் பனி விழுந்தது. தேடப்போனவர்களோடு நான்கு நாள் அவனும் போனான். அவர்களை வேறு சரிவுக்குக் கூட்டிப் போனதும் அவன்தான்.

இந்தக் கோடை நெருப்பாகக் காய்ந்துவிட்டது. பாறைக்குழியில் பழைய பனி உருகிச் சுருங்கிவிட்டதாகச் செய்தி. சனிக்கிழமை க்விரினைத் தேட மோப்ப நாயோடு ஒருவன் வருகிறான். உடம்பு கிடைத்தால் உள்ளே இருக்கும் குண்டு கிடைக்கும். குண்டு கிடைத்தால் துப்பாக்கி யாருடையது என்பது தெரிந்துபோகும். இன்று வியாழன். நாளை அவன் மேலே போய், நாய்க்கு முன்னால் எல்லாவற்றையும் கண்காணாத இடுக்கில் தள்ளிவிட வேண்டும்.

வீட்டு வாசல் கால்மிதியில் ஒரு பைன் கொப்பு கிடந்தது. சீவிய முனை மலையைப் பார்த்திருந்தது.

"இதென்ன குப்பை?" என்று கதவைத் திறந்தபடியே கேட்டான்.

"நீ கொண்டாந்து போட்டதுன்னு நினைச்சேன். காலைலயே பெருக்கித் தள்ளினேன். மறுபடியும் அங்கேயே கிடக்கு," என்றாள் வால்லி. ரொட்டி உருண்டைக்கு மாவு பிசைந்த கையைக்கூடத் துடைக்காமல் அவனையே பார்த்தாள். "நாளைக்குப் போறியாமே. தம்பி கிடக்கிற பக்கம் ஒரு எட்டுப் பாத்துட்டு வா ஸெவெரின். எலும்பா இருந்தாலும் பரவால்ல. எனக்குப் புதைக்க ஏதாவது வேணும்."

"பாக்குறேன்," என்றான். சொல்லும்போது தன் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

சாப்பிடும்போது ஸென்ஸி போன் செய்தாள். அவள் பேச்சில் கேலியே இல்லை.

"உன் பழைய துப்பாக்கிய நீ திரும்ப எடுத்துட்டுப் போனியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்?"

"அலமாரில இல்ல. பூட்டு பூட்டினபடியே இருக்கு. தரையெல்லாம் தண்ணி. ஒரு வாடை வேற, நனைஞ்ச ஆட்டு வாடை, குமட்டுது. ஸெவெரின், யாரு வேலைப்பா இது?"

அவன் போனை அணைத்துவிட்டான். வால்லி யார் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றான்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவன் மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டியிருந்தான். நல்ல வெயில். இடுப்பளவுப் பைன் புதர்கள் சூட்டில் பிசின் கக்கின. காலடியில் சரளை நழுவி, நழுவியது அடியில் போய் நின்ற பிறகும் எங்கோ இன்னொரு கல் தனியாக உருண்டுகொண்டிருந்தது, அவன் நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் அதுவும் புறப்பட்டது. தோளில் துப்பாக்கி கனக்கவேயில்லை. கனக்காததாலேயே அது இருக்கிறதா என்று பத்தடிக்கு ஒரு தரம் கையால் தொட்டுப் பார்த்தான். பாறைக்குழியின் வாயில் நுழையும்போது காற்று சட்டென்று நின்று, பழைய பனியின் புழுங்கிய ஈர வாடை முகத்தில் அடித்தது.

க்விரின் நின்ற இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். போன நவம்பரிலிருந்து தூக்கத்தில் அங்கேதான் போய் வருகிறான்.

அங்கே ஒரு கொப்பு நட்டிருந்தது. பச்சை.

பக்கத்தில் பனி விட்டுப்போன சேற்றில் பழுப்பு மேலங்கியின் ஒரு கிழிசல், ஆட்டுக்கு உப்பு வைக்கும் தோல்பை. எலும்பு இல்லை, மயிர் இல்லை, பல் ஒன்றுகூட இல்லை. யாரோ படுத்திருந்து எழுந்து போன மாதிரி ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம் மட்டும். அதன் ஓரத்தில் கிடத்திய கொப்பு. சீவிய முனை மேட்டைப் பார்த்திருந்தது. மேட்டில் அந்தப் பாறை. அவன் உட்கார்ந்து சிகரெட் குடித்த பாறை.

போகக்கூடாது என்று நினைத்தான். கால் போனது.

பாறைக்குப் பின்னால் புல் நசுங்கியிருந்தது. சற்றுமுன்வரை யாரோ உட்கார்ந்திருந்த இடம். தொட்டான். சில்லென்று ஈரம். பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ச் சரிவில், இருநூறு மீட்டரில், பழுப்பாக ஏதோ அசைந்தது.

துப்பாக்கியைத் தோளில் இடுக்கினான். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு ஆடியது. மூச்சைப் பிடித்தான். இன்னும் ஆடியது. ஒவ்வொரு நெஞ்சுத்துடிப்புக்கும் கோடு பழுப்பைத் தாண்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பொறுக்காது என்று ஸென்ஸி சொன்னது நினைவு வந்தது. விசையை இழுத்தான். உதை. ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. கண்ணில் ரத்தம். போல்ட்டை இழுத்துத் தள்ளி மறுபடி சுட்டான். கல் தெறித்தது. மறுபடி. இன்னும் தள்ளிக் கல் தெறித்தது.

பழுப்பு நகரவில்லை. நிதானமாக மண்டியிட்டது.

போல்ட்டை இழுத்தான். காலி. மிச்சத் தோட்டா பையில்.

குனிந்தான்.

வெடிச்சத்தம் வருமுன்பே வயிற்றில் அடி விழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, பாறைச்சுவர்களில் உருண்டு உருண்டு. இருபது வருஷம் தன் கன்னத்தோடு ஒட்டி வெடித்த சத்தம். எங்கே கேட்டாலும் அவனுக்குத் தெரியும். அவனுடைய பழைய துப்பாக்கி.

மல்லாந்து கிடந்தான். கையை வைத்த இடத்தில் சூடாக, வழவழவென்று, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்திருந்தது. தலையைத் திருப்பினான். காதருகில் ஒரு கொப்பு நட்டிருந்தது. அவன் விழுவதற்கு முன்பே நட்டது.

சரிவில் கீழ்நோக்கித் தவழ்ந்தான். நாலு முழம். எட்டு முழம். முன்னால் தரையில் ஒரு கொப்பு. சீவிய முனை அவன் தவழும் திசையிலேயே. பக்கவாட்டில் திரும்பினான். அங்கேயும் ஒன்று.

கத்தினான். "யாராவது இருக்கீங்களா?" பாறைகள் அதைத் திருப்பிச் சொன்னபோது குரல் அவனுடையதாக இல்லை. போன வருஷத்துக் குரல். வால்லி அடுப்படியில் நின்று தன்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அழுதான்.

அப்போது வந்தது அந்த வாசனை.

சிகரெட்.

மேலே, அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து. மெல்ல. அவசரமில்லாமல்.

அடிபட்டது படுக்கட்டும் என்று விடுகிறான். விறைக்கட்டும் என்று விடுகிறான். ஒரு சிகரெட் ஏழு நிமிஷம். ஸெவெரின் எண்ணினான். எண்ணிக்கொண்டே பையை நோக்கிக் கையை நீட்டினான். பை பத்தடி மேலே. கால் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே ஏற்கெனவே கல்.

வாசனை நின்றது.

ஒரு கல் உருண்டது. இன்னொன்று.

நனைந்த ஆட்டு வாடை.

ரத்தம் மூடாத ஒற்றைக் கண்ணில் மேலங்கியின் ஓரம் தெரிந்தது. வெயிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. சரக். சரக். கத்தி. கொப்பைச் சீவுகிறது.

"க்விரின்," என்றான். "டேய். நான் இன்னும் சாகலடா. சாகல."

கறுத்த விரல்கள் வந்தன. கொப்பை அவன் வயிற்றில் தொட்டு, நன்றாகப் புரட்டி எடுத்தன. இன்னொரு கை தாடையின் இரண்டு மூலையிலும் அழுத்தியது, விறைத்த ஆட்டுக்கு வாயைத் திறப்பதுபோல. பிசின் கசந்தது. ஊசிகள் நாக்கைத் தாண்டித் தொண்டையில் குத்தி நின்றன. கத்த முடியவில்லை. துப்ப முடியவில்லை.

சூரியன் மலைமுகட்டுக்கு இன்னும் நான்கு விரல் உயரத்தில் இருந்தது. மறைய ஒரு மணி நேரமாவது ஆகும்.

அது அவன் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்தது. இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தது.