இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில்

மேல்தளத்தைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸுக்கும் அதன்மேல் கிடந்த கான்கிரீட்டுக்கும் நடுவிலிருந்து, வெள்ளைப் பனியன் துணி ஒரு விரல் நீளம் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று அது இல்லை.

அந்தத் தளத்துக்குக் கணக்குப் போட்ட எஞ்சினியர் அப்புசாமி அண்ணாந்து பார்த்தபடி நின்றான். இரும்பின்மேல் பற்றவைத்த குமிழ் ஆணிகளைக் கான்கிரீட் கவ்விப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே உடம்பாகப் பாரம் சுமக்கும். பிரிந்தால் இரும்பு மட்டும் தாங்காது. அங்கே துணிக்கு என்ன வேலை?

"சிமெண்ட்டுப் பால் ஒழுகுச்சுங்க," என்றார் மேஸ்திரி ஆறுச்சாமி. "பனியன் கட்டிங் வேஸ்ட்டுத் துணிய ஆணியச் சுத்தித் திணிச்சுப்போட்டு ஊத்துனோம்."

"எல்லா ட்ரஸ்ஸுக்குமா?"

"எல்லாத்துக்குந்தானுங்க. ஒரு சொட்டு ஒழுகியிருக்குதா பாருங்க!"

பனியன் கம்பெனிகள் நிறைந்த வீரபாண்டியில் பஞ்சமில்லாத பொருள் அந்தக் கழிவுத் துணி ஒன்றுதான்.

மேலே தையல் மிஷின்கள் அதிர்ந்தன. அவற்றுக்கு நடுவே, தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜையில், அவன் மனைவி வேலாத்தாள்.

"மிஷினை நிறுத்தச் சொல்லுங்க," என்று முதலாளி கன்னையனிடம் கெஞ்சினான்.

கன்னையன் சிரித்தார். "உங்க தளத்துக்காகச் சரக்கு ஏத்தற கப்பல் நிக்குமாங்க? ஞாயித்துக்கிழமை முட்டுக் குடுத்துக்கலாம்."

சாயங்காலம் கரண்ட் போனது. சூடான மிஷின் எண்ணெய் வாடையோடு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்; வேலாத்தாளைக் காணோம். மிஷின்கள் ஓய்ந்த பிறகும் தலைக்கு மேல் ஒரு சத்தம் மட்டும் ஓயவில்லை: ஈரத் துணியைக் கல்லில் மெதுவாக இழுப்பது போல, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. துணி உள்ளே போனது. வெளியே வந்தது. மூச்சு விடுவது போல.

"வேலா! போட்டது போட்டபடி கீழ வா புள்ள!"

"வாரனுங்க. ஊட்டுல உலை கொதிக்குதாக்கும்?"

யாரும் இறங்கவில்லை. மேலே ஓடினான். மேஜையடியில் அவள் செருப்பு. ஸ்டூல் காலி.

"வேலா?"

"வாரனுங்க."

குரல் அவன் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

விழுந்தடித்துக் கீழே இறங்கினான். வெள்ளைத் துணி முழுதும் உள்ளே போயிருந்தது. வெறும் இடுக்கு. இருட்டு. பிறகு ஏதோ வெளியே வந்தது. வெள்ளை இல்லை. பச்சை. மஞ்சள் கரை. காலையில் அவனே அவளுக்கு மடிப்புப் பிடித்துவிட்ட சேலை.

அண்ணாந்து கையை நீட்டினான்.

முந்தானை நுனி அவன் நெற்றியைத் தொட்டது. ஈரம்.

"வாரனுங்க."

அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.